அடுத்த மேனேஜர் யாரு? அடிபடுற பத்துப் பேர்ல நிஜமான ஆளை எப்படிப் பிரிக்கறது?

சத்துவாச்சாரி_சப்:

வணக்கம் மக்களே. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம்னு சிதறிக் கிடக்கற கால்பந்து பைத்தியங்க சேர்ந்து ஒரு குரூப் வெச்சிருக்கோம். ஆளுக்கொரு கிளப். எந்தக் கிளப்புல மேனேஜரை, அதாவது தலைமைக் கோச்சை, வேலையை விட்டுத் தூக்கினாலும் அடுத்தது யாருன்னு ஒரு போட்டி நடக்கும். காசு பணம் கிடையாது, தோத்தவர் அடுத்த மேட்ச் ராத்திரிக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கித் தரணும், அவ்வளவுதான்.

சிக்கல் என்னன்னா, தூக்கின அரை மணி நேரத்துல பத்துப் பேர் கொண்ட லிஸ்ட் வந்துடுது. எல்லாரும் மேல இருக்கற பேரையே எழுதிடறாங்க. பல தடவை அந்த ஆள் வர்றதே இல்லை. இதுல எதை நம்பறது, எதைத் தள்றது? பெட்டிங் கம்பெனிங்க போடற விலையை நம்பலாமா? அப்புறம் போட்டிக்கு ஒழுங்கா மார்க் போட ஏதாவது வழி இருக்கா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோட்டை_அகழி:

யாரு வருவாங்கன்னு தேடாதீங்க. யாரால வர முடியாதுன்னு ஒவ்வொரு பேரா அடிச்சுக்கிட்டே வாங்க. கடைசியில ரெண்டு மூணு பேர்தான் மிஞ்சுவாங்க.

முதல்ல பார்க்க வேண்டியது ஒப்பந்தம். ஆள் வேலையில இருக்காரா, சும்மா இருக்காரா? வேலையில இருந்தா விடுவிப்புத் தொகை ஒப்பந்தத்துல எழுதியிருக்கா? எழுதியிருந்தா கிளப்புக்குப் பேரம் பேசற வேலை இல்லை, பணத்தைக் கட்டினா முடிஞ்சுது. எழுதலைன்னா பழைய கிளப் வாய்க்கு வந்த விலையைச் சொல்லும். 2022 செப்டம்பர்ல பிரைட்டன்ல இருந்து கிரஹாம் பாட்டரையும் அவர் ஆட்களையும் கொண்டு வர செல்சி 2 கோடி பவுண்டுக்கு மேல கொடுத்ததா செய்தி. அடுத்த வருஷம் ஏப்ரல் 2-லயே அவரை அனுப்பிட்டாங்க. இப்படி ஒரு தடவை கையைச் சுட்டுக்கிட்ட கிளப், அடுத்த தடவை சும்மா இருக்கற ஆளைத்தான் முதல்ல பார்க்கும்.

அடுத்தது தேதி. சீசன் நடுவுல தூக்கினா, வேலையில இருக்கற பெரிய பேர் எல்லாம் அநேகமா அவுட். போர்ச்சுகல் ஸ்போர்டிங் கிளப்புல இருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அமோரிம் விதிவிலக்கு, ஏன்னா அவருக்குத் தொகை எழுதியிருந்துச்சு. அதுலயும் 30 நாள் நோட்டீஸ் இருந்துச்சு. 2024 அக்டோபர் 28-ல டென் ஹாக்கை யுனைடெட் தூக்குது, நவம்பர் 1-ல அமோரிம் பேரை அறிவிக்குது, ஆனா அவர் பொறுப்பெடுத்தது 11-ஆம் தேதி. நடுவுல இருந்த 4 மேட்சை வான் நிஸ்டல்ரூய் பார்த்துக்கிட்டார்.

இங்கதான் பலர் கவனிக்காத ஒரு கொக்கி இருக்கு. சில கிளப்புங்க பங்குச் சந்தையில பதிவானவை: ஸ்போர்டிங், பென்ஃபிகா, டார்ட்மண்ட், ஜுவென்டஸ், அயாக்ஸ், யுனைடெட். இவங்க முக்கியமான விஷயத்தைச் சந்தை அமைப்புக்கு எழுதிக் கொடுத்தே ஆகணும். டென் ஹாக் போன மறுநாளே ஸ்போர்டிங் போர்ச்சுகல் சந்தை வாரியத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்துச்சு. யுனைடெட் அமோரிம் மேல ஆர்வம் காட்டுது, ஒப்பந்தப்படி 1 கோடி யூரோ கட்டணும்னு அதுலயே இருந்துச்சு. நோட்டீஸ் காலத்தைக் குறைக்கக் கூடுதலா 10 லட்சம் சேர்ந்து கடைசியில 1 கோடியே 10 லட்சம் ஆச்சு. நூறு ட்வீட் படிக்கறதுக்கு அந்த ஒரு தாள் போதும்.

மூணாவது லைசென்ஸ். ஐரோப்பாவுல மேல்மட்ட லீக் அணியை நடத்த யூஃபா ப்ரோ வேணும், அதாவது ஐரோப்பியக் கால்பந்து அமைப்போட உச்சக் கோச்சிங் லைசென்ஸ். பிரான்ஸ் கிளப் ரீம்ஸ்ல கோச்சா வில் ஸ்டில் அது இல்லாம உட்கார்ந்தப்போ கிளப் மேட்சுக்கு 25,000 யூரோ அபராதம் கட்டிக்கிட்டு ஓட்டுச்சு. எல்லா முதலாளியும் அதுக்குத் தயாரா இருக்க மாட்டாங்க. நேத்து வரைக்கும் ஆடிக்கிட்டிருந்த முன்னாள் ஸ்டார் பேர் அடிபட்டா, முதல் கேள்வி இதுவா இருக்கட்டும். இங்கிலாந்துன்னா பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் வொர்க் பர்மிட்டும் சேர்ந்துடுச்சு. சமீப வருஷங்கள்ல மேல்மட்ட லீக்ல போதுமான காலம் வேலை பார்த்திருக்கணும், இல்லைன்னா தனியா விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கணும்.

"நெருப்பில்லாம புகையுமா"ன்னு கேட்பாங்க. இந்தத் தொழில்ல புகை போடறதுக்குன்னே ஏஜென்ட் இருக்கான். இருக்கற கிளப்புல சம்பளத்தை ஏத்தணும்னா, பெரிய கிளப் கூப்பிடுதுன்னு ஒரு பேச்சைக் கசிய விட்டா போதும். ஒப்பந்தம் முடிய ஒன்றரை வருஷத்துக்குள்ள இருக்கற மேனேஜர் பேர் அடிபட்டா நான் பாதிதான் நம்புவேன்.

பாலாறு_பத்து:

அகழி அண்ணன் சொன்னதுக்குச் சாட்சி வேணும்னா பயர்ன் மியூனிக் கிளப்போட 2024-ஐ எடுத்துக்கோங்க. பிப்ரவரி 21-ல டூஹல் சீசன் முடிவுல போறார்னு அறிவிப்பு. லிஸ்ட்ல முதல் பேர் சாபி அலோன்சோ. மார்ச் 29-ல லெவர்குசன்லயே இருக்கேன்னுட்டார். நாகல்ஸ்மான் ஏப்ரல்ல ஜெர்மனி அணியோட ஒப்பந்தத்தை நீட்டிட்டார். ராங்னிக் மே 2-ல ஆஸ்திரியாவை விட்டு வரலைன்னார். கிளாஸ்னரை அனுப்ப அவர் கிளப் கிரிஸ்டல் பேலஸ் ஒத்துக்கலை. கடைசியில டூஹல்கிட்டயே திரும்பப் பேசிப் பார்த்து அதுவும் படியலை. மே 29-ல வந்தது கோம்பனி. அவர் நடத்தின பர்ன்லி அப்பதான் பிரீமியர் லீக்ல இருந்து கீழ இறங்கியிருந்துச்சு. பிப்ரவரியில அவர் பேரை யாராவது எழுதியிருந்தா சிரிச்சிருப்பாங்க. அடுத்த சீசன் பட்டம் அவருக்குத்தான்.

அதே வருஷம் லிவர்பூல்லயும் இதே கதை. கிளாப் ஜனவரி 26-ல சொன்னார், எல்லாரும் அலோன்சோன்னாங்க, பிறகு அமோரிம்னாங்க, வந்தது ஆர்னே ஸ்லாட். லிஸ்ட்ல முதல் பேர்ங்கறது ரசிகர்களோட ஆசை. கிளப்போட திட்டம் வேற.

இப்ப பெட்டிங் விலைக்கு வரேன். முதல்ல ஒண்ணு: 2025-ல நாடாளுமன்றம் கொண்டு வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டப்படி காசு கட்டி ஆடற ஆப் எல்லாம் தடை. அதனால ஆப் பக்கம் போகாதீங்க. விலையைத் தகவலா மட்டும் படிக்கறதுன்னா இப்படிப் படிக்கணும்.

ஒரு கம்பெனி அஞ்சு பேருக்கு 1/2, 2/1, 4/1, 8/1, 10/1 போட்டிருக்குன்னு வெச்சுக்கோங்க. 2/1-ன்னா ஒண்ணு கட்டினா ரெண்டு லாபம், வாய்ப்பு மூணுல ஒண்ணு, அதாவது 33.3%. அதே கணக்குல 1/2 = 66.7, 4/1 = 20, 8/1 = 11.1, 10/1 = 9.1. கூட்டினா 140.2 வருது. நூறைத் தாண்டின 40 அவங்க பையில போடற பங்கு. ஆகவே ஒவ்வொண்ணையும் 1.402-ஆல வகுக்கணும். 66.7-ன்னு தெரிஞ்ச ஆள் நிஜத்துல 48-க்குப் பக்கம். முதல் இடத்துல இருக்கறவரும் பாதிக்குப் பாதி வர மாட்டார்னுதான் அந்த விலையே சொல்லுது. உங்க குரூப் மேல இருக்கற பேரை எழுதித் தோத்துக்கிட்டே இருக்கறது அதிசயமில்லை.

இன்னொண்ணு. மேனேஜர் மார்க்கெட்ல கட்ட விடற தொகை ரொம்பக் கம்மி. நாலு பேர் சேர்ந்து கட்டினாலே விலை சரியும். சரிஞ்சதைப் பார்த்து பத்திரிகை "விலை தடாலடிச் சரிவு"ன்னு எழுதும். அதைப் படிச்சு இன்னும் நாலு பேர் கட்டுவாங்க. மொத்தத்துல யாருக்கும் உள்விவரம் இருந்திருக்காது. 25/1-ல கிடந்த பேர் எந்தச் செய்தியும் இல்லாம ஒரே ராத்திரியில 3/1-க்கு வந்தா மட்டும் திரும்பிப் பாருங்க. பல கம்பெனிங்க இடைக்கால ஆள் தொடர்ந்து 10 மேட்ச் இருந்தாலே அவரை "அடுத்த மேனேஜர்"னு கணக்கு வெச்சுக்கும். அதனால இடைக்கால ஆளோட விலை எப்பவுமே கொஞ்சம் ஊதித்தான் இருக்கும்.

ஆம்பூர்_ஆஃப்சைடு:

இடைக்கால ஆள் விஷயத்துல ஒண்ணு சேத்துக்கோங்க பா. தொடர்ந்து தோத்துகினு அடி மட்டத்துல இருக்கறப்பதான் மேனேஜரைத் தூக்கறாங்கோ. அதுக்கு மேல கீழ போக இடமில்ல, யார் வந்தாலும் ரெண்டு மேட்ச் ஜெயிப்பாங்கோ. உடனே "இவரையே வெச்சுக்கலாம்"னு குரல் கெளம்பும். யுனைடெட்ல சோல்ஷார் அப்டிதான், 19 மேட்ச்ல 14 ஜெயிச்சாரு, 2019 மார்ச் 28-ல பர்மனென்ட் பண்ணாங்கோ, அந்த சீசன் முடியறதுக்குள்ள வண்டி மக்கர். டி மாத்தேயோ 2012 மே-ல செல்சிக்கு சாம்பியன்ஸ் லீக்கே ஜெயிச்சுக் குடுத்தாரு, நவம்பர்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்கோ. உங்க போட்டியில இடைக்கால ஆள் பேருக்கு முதல் மூணு மேட்ச் முடியறவரைக்கும் மார்க் ஏத்தாதீங்க.

அகழி அண்ணன்கிட்ட ஒரு சண்டையும் இருக்கு. ஒப்பந்தம், லைசென்ஸ் எல்லாம் சரி. யார் முடிவெடுக்கறாங்கன்னு நீங்க பேசவே இல்லயே? டாட்டன்ஹாம் 2021 இன்னா ஆச்சு? ஏப்ரல் 19-ல மொரின்யோ போறாரு. கான்டேகிட்ட பேசி உடையுது. ஃபோன்சேகா கிட்டத்தட்ட முடிஞ்ச கதை. பராடிசி புது விளையாட்டு டைரக்டரா வந்ததும் அவரு ஆசாமி இல்லன்னு அதுவும் போச்சு. அடுத்து கட்டூசோ, ரசிகருங்க வலைத்தளத்துல கெளப்பின எதிர்ப்புல அதுவும் போச்சு. 72 நாள் கழிச்சு ஜூன் 30-ல வந்தது நூனோ. ஆகஸ்ட்ல மாசத்தோட சிறந்த மேனேஜர், நவம்பர் 1-ல வேலை காலி. மறுநாள் வந்தது யாருன்னு பார்த்தா, ஜூன்ல வேணாம்னு போன அதே கான்டே. ஒப்பந்தக் கணக்குல மட்டும் இதையெல்லாம் எப்டி புடிப்பீங்க?

கோட்டை_அகழி:

நியாயமான சண்டைதான் ஆஃப்சைடு. விளையாட்டு இயக்குநர் நாற்காலி காலியா இருந்தாலோ, புதுசா ஆள் வரப் போறார்னு பேச்சு இருந்தாலோ, அதுக்கு முன்னாடி வந்த லிஸ்ட் மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டுடணும். வர்றவர் தன் ஆளைத்தான் கொண்டு வருவார். அவர் முன்னாடி இருந்த கிளப்புல யார் யாரை வேலைக்கு எடுத்தார், எந்த ஏஜென்ட்கிட்ட அடிக்கடி வாங்கினார்னு பார்த்தா ஓரளவு தெரிஞ்சிடும். கூடவே அணியில இருக்கற ஆட்களைப் பாருங்க. மூணு சென்டர் பேக் (நடுவுல தடுக்கற ஆட்கள்) இல்லாத அணிக்கு அப்படி மூணு பேர் வெச்சு ஆடற கோச் வந்தா, புது வீரர்களை வாங்கற ஜன்னல் திறக்கறவரைக்கும் திண்டாட்டம்தான்.

சத்துவாச்சாரி_சப்:

அருமை. நம்ம சென்னையின் கிளப், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பக்கம் இதே கணக்கு ஓடுமா?

வாணியம்பாடி_விங்:

பாதிதான் ஓடும் பாய். இங்க விடுவிப்புத் தொகை கட்டி வேற கிளப் கோச்சை இழுக்கறது அபூர்வம். 2021 டிசம்பர்ல ஏ.டி.கே. மோகன் பகான் கோவாகிட்ட இருந்து ஹுவான் ஃபெராண்டோவை அப்படி இழுத்ததுதான் பெரிசாப் பேசப்பட்டது. மத்தபடி சும்மா இருக்கறவங்க, ஒப்பந்தம் முடிஞ்சவங்க, இல்லைன்னா ஏற்கனவே இந்தியாவுல வேலை பார்த்தவங்கதான். ஓவன் காயில் 2019 டிசம்பர்ல சென்னையினுக்கு வந்து ஃபைனல் வரைக்கும் போனார், ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22 ஷீல்டு (லீக் சுற்றுல முதலிடத்துக்கான பரிசு) ஜெயிச்சார், ஸ்காட்லாந்துல ஒரு சுத்து சுத்திட்டு 2023-ல திரும்பச் சென்னையினுக்கே வந்தார். அதனால இங்க லிஸ்ட் போட்டா பழைய ஐ.எஸ்.எல். முகங்களுக்குக் கூடுதல் மார்க் போடுங்க. வெயில், பயண தூரம், எத்தனை வெளிநாட்டு வீரரை இறக்கலாம்ங்கற விதி எல்லாம் அவங்களுக்குப் பழக்கம். புதுசா வர்றவருக்கு அது புரியறதுக்குள்ள பாதி சீசன் முடிஞ்சிடும்.

இந்திய கோச்சுங்களைத் தள்ளிடாதீங்க. நடுவுல தூக்கினா இடைக்காலத்துக்கு உள்ளூர் ஆள்தான். 2022 பிப்ரவரியில பாண்டோவிச் போனதும் சென்னையினைப் பார்த்துக்கிட்டது நம்ம சையத் சபீர் பாஷா. காலித் ஜமீல் நார்த்ஈஸ்ட் கிளப்புல இடைக்காலமா ஆரம்பிச்சு நிரந்தரம் ஆனார், 2025 ஆகஸ்ட்ல இந்திய அணிக்கே கோச் ஆயிட்டார். ஆனா ஏ.எஃப்.சி. (ஆசியக் கால்பந்து அமைப்பு) ப்ரோ லைசென்ஸ் இருக்கான்னு பார்க்காம எந்தப் பேரையும் எழுதாதீங்க.

அந்த இந்திய அணித் தேர்வுதான் வதந்திக்கே பாடம். வந்த விண்ணப்பம் 170, அதுல பார்சிலோனா சாவி பேரும் இருக்குன்னு உலகம் பூரா செய்தி. அப்புறம் இந்தியக் கால்பந்துச் சம்மேளனமே சாவி பேர்லயும் குவார்டியோலா பேர்லயும் வந்த மெயில் நிஜமானது இல்லைன்னு அறிக்கை விட்டுச்சு. சாவி பேர்ல அனுப்பினது நம்ம வேலூர்ல படிக்கற மாணவர் ஒருத்தர்னு பத்திரிகையில வந்தது. ஊருக்குப் பெருமையா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அந்தச் செய்தியில கவனிக்க வேண்டியது ஒண்ணுதான்: "விண்ணப்பிச்சார்", "ஆர்வம் காட்டினார்" இதெல்லாம் ஒரு மெயில்ல உருவாகற வார்த்தை. "சம்பளம் பேசியாச்சு", "உதவி கோச்சுங்க யார்னு முடிவாச்சு"ன்னு வந்தா எழுந்து உட்காருங்க. மேனேஜர் தனியா வர மாட்டார், கூட நாலஞ்சு பேர் வருவாங்க. அவங்க ஒவ்வொருத்தருக்கும் தனி ஒப்பந்தம். கடைசி நாலு நாள் இழுக்கறது பெரும்பாலும் இதுக்குத்தான்.

பாலாறு_பத்து:

மார்க் போடற முறை கேட்டீங்களே. ஒரே பேர் எழுதற வழக்கத்தை விடுங்க. ஒவ்வொருத்தரும் 100 புள்ளியைப் பேர்களுக்குப் பிரிச்சு எழுதட்டும், "மத்தவங்க"ன்னு ஒரு வரியும் கட்டாயம். சரியான பேருக்குக் கொடுத்த புள்ளியை அப்படியே மார்க்கா எடுக்காதீங்க. அப்படி எடுத்தா எல்லாரும் 100-ஐயும் முதல் பேர் மேலயே கொட்டுவாங்க. புள்ளியை நூறால வகுத்துக்கோங்க (50-ன்னா 0.5). வந்த ஆளுக்கு 1, வராதவங்களுக்கு 0-ன்னு வெச்சு, அதுக்கும் எழுதினதுக்கும் உள்ள வித்தியாசத்தோட வர்க்கத்தை ஒவ்வொரு பேருக்கும் எடுத்துக் கூட்டுங்க, குறைஞ்சவர் ஜெயிப்பார். 50, 30, 20-ன்னு பிரிச்சவருக்கு 50 போட்ட ஆளே வந்தா: 1-க்கும் 0.5-க்கும் வித்தியாசம் 0.5, அதோட வர்க்கம் 0.25, 0.3-க்கு 0.09, 0.2-க்கு 0.04, மொத்தம் 0.38. தப்பான பேர் மேல 100 கொட்டினவருக்கு 1-ம் 1-ம் சேர்ந்து 2.

கடைசித் தேதி வெக்கறப்போ நேரத்தைப் பார்த்துக்கோங்க. இங்கிலீஷ் கிளப்புங்க பகல்ல அறிவிச்சா, லண்டன் காலை 9 மணி நமக்குக் குளிர்காலத்துல மதியம் 2.30, கோடையில 1.30. சாயந்திரம் வரைக்கும் சீட்டு வாங்கினா செய்தியைப் பார்த்துட்டு எழுதறவங்க வந்துடுவாங்க. காலை 11 மணியோட பூட்டிடுங்க.