‘கோள் பாதுகாப்பு’ பொருந்துமா? மாற்றுச் சொல்லுக்கான முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘பிளானட்டரி புரொடெக்‌ஷன்’ என்பது, விண்பயணங்களின்போது புவியின் நுண்ணுயிர்கள் பிற கோள்களையோ, அங்கிருந்து வருபவை புவியையோ மாசுபடுத்தாமல் பார்த்துக்கொள்வது. அதற்குக் ‘கோள் பாதுகாப்பு’ என்ற சொல்லையே இறுதி செய்யலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அதைப் படிக்கும் ஒருவர், விண்கற்களிடமிருந்து புவியைக் காக்கும் முயற்சி என்றே பொருள் கொள்வார். அது வேறு துறை. 2022-இல் டார்ட் விண்கலத்தை டைமார்ஃபஸ் என்னும் சிறுகோளின் மீது மோதவிட்டது அத்துறையின் பணி. மேலும், நம் மொழியில் ‘கோள்’ என்பது மனிதருக்கு நன்மை தீமை செய்யும் கிரகம் என்ற பொருளையும் நெடுங்காலமாகச் சுமந்து வருகிறது. எப்படிப் படித்தாலும், தீங்கு வானிலிருந்து வருகிறது, காக்கப்பட வேண்டியவர் நாம் என்றாகிவிடுகிறது.

கருத்தோ இதற்கு நேர்மாறானது. முதல் ஐயம் நம்மீதே விழுகிறது. செவ்வாயில் 1976-இல் இறங்கிய வைக்கிங் தரையிறங்கு கலங்களை, ஏவுவதற்கு முன் 110 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட உலர்வெப்பத்தில் ஒரு நாளுக்கும் கூடுதலாக வைத்திருந்தார்கள். புவியின் நுண்ணுயிர்கள் அங்கே போய்விடக் கூடாது என்பதே நோக்கம். கலிலியோ கலத்தை 2003-இல் வியாழனுக்குள்ளும், காசினியை 2017-இல் சனிக்குள்ளும் செலுத்தி அழித்ததற்கும், யூரோப்பா, என்செலடஸ் போன்ற துணைக்கோள்களில் அவை என்றேனும் விழுந்து மாசேற்றிவிடலாம் என்ற அச்சமே காரணம். எனவே, ‘மாசு’ என்ற சொல் கலைச்சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கருதி, ‘கோள்மாசு தவிர்ப்பு’ என்பதை முன்வைக்கிறேன்.

இங்கே நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘கோள்தூய்மை காத்தல்’ ஓசையில் இனிமையானது. சமய உணர்வையும் அறத்தையும் ஒருங்கே தழுவும் என்ற அவரது வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், தூய்மை என்னும் சொல்லின் நிழலில் தீட்டு நிற்கிறது. நுண்ணுயிர் எண்ணிக்கையை அளந்து வரம்பு வகுக்கும் ஒரு நடைமுறைக்குச் சடங்குத் தூய்மையின் சாயல் ஏறினால், அளவிடக்கூடியதும் நம்பிக்கை சார்ந்ததும் ஒன்றோடொன்று குழம்பி, இரண்டுமே வலுவிழக்கும்.

அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களின் எதிர்ப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வானியலாளர் யூஜீன் ஷூமேக்கரின் சாம்பலில் ஒரு சிறு பகுதியைத் தாங்கிய லூனார் பிராஸ்பெக்டர் கலம் 1999-இல் நிலவில் மோதவிடப்பட்டது. நிலவு தங்களுக்குப் புனிதமானது, அங்கே மனித உடலின் எச்சத்தை வைப்பது அதை இழிவுபடுத்துவதாகும் என்று, 1998-இல் அது ஏவப்பட்டபோதே அம்மக்கள் எதிர்க்க, நாசா வருத்தம் தெரிவித்தது. 2024 ஜனவரியில், தனியார் கலமான பெரிக்ரின் மனித எச்சங்களைச் சுமந்து புறப்பட்டபோது அதே எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. கலம் பழுதாகி நிலவை அடையாமலே வளிமண்டலத்தில் எரிந்துபோனதால், கேள்வி தீராமலே நிற்கிறது. கோஸ்பார் என்னும் பன்னாட்டு விண்வெளி ஆய்வுக் குழுவின் விதிகள் பிற கோள்களைப் பொறுத்தவரை காக்க முனைவது உயிரையும் அதன் தோற்றத்தையும் பற்றிய ஆய்வை. அந்தக் கண்கொண்டு பார்த்தால், குப்பிக்குள் அடைத்த சாம்பலால் நிலவுக்குக் கேடில்லை. நவாஹோ மக்கள் பேசியது மாசைப் பற்றியே அன்று, மதிப்பைப் பற்றி. அதை ‘மாசு’ என்ற சொல்லுக்குள் அடைப்பது அவர்களது முறையீட்டையே திரித்துவிடும்.

ஆகவே, அறத்தையும் புனிதத்தையும் பற்றிய இந்த விவாதத்துக்குத் தனிச்சொல் வேண்டும். ‘கோள்மாண்பு பேணல்’ என்பது என் பரிந்துரை. மாண்பு என்ற சொல்லை இறைநம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் தயக்கமின்றி ஆளலாம். ‘புனிதம்’ என்று வைத்தால் நம்பிக்கையற்றவரின் அறக்கவலைக்கு அதில் இடமிராது.

இனி உட்பிரிவுகள். புவியிலிருந்து பிற கோளுக்குச் செல்லும் மாசுக்குச் ‘செல்மாசு’ என முதலில் எழுதிப் பார்த்தேன். உயிரியல் மாணவர் அதை உயிரணுவின் மாசு என்றே படிப்பார். போக்குவரத்து என்ற சொல்லைப் பிரித்து, இதைப் ‘போக்குமாசு’ என்றும், பிற கோளிலிருந்து புவிக்கு வருவதை ‘வரத்துமாசு’ என்றும் ஆக்கலாம். நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களை 21 நாள் தனிமைப்படுத்தியது வரத்துமாசு குறித்த அச்சத்தால். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தினுடைய ஒன்பதாம் பிரிவு இவ்விரண்டையும் தவிர்க்கச் சொல்கிறது என்பதால், ஒப்பந்தத்தை மொழிபெயர்ப்போருக்கும் இந்த இணை பயன்படும்.

‘தவிர்ப்பு’ என்பதற்குப் பதில் ‘தடுப்பு’ என வேண்டுவோர் தம் காரணத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மனிதர் இறங்கும் இடத்தில் மாசை முற்றாகத் தடுக்க இயலாது என்பதாலேயே நான் ‘தவிர்ப்பு’ என்றேன்.