ஆலடி வளவுக் குழுவில் இரண்டு குறிப்புகள்

*ரதி மாமி:* வவுனியாப் பகுதி, மாப்பிள்ளை வீட்டார், கலியாணத்துக்குக் கொடுத்த சாதகக் குறிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவிக்குச் செவ்வாய் குற்றமாம். அண்ணை, நீங்கள் எழுதின குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லையே?

*பெரியப்பா மாங்குளம்:* அவர்களின் சாத்திரியார் என்ன நேரம் போட்டவர்?

*ரதி மாமி:* 6.10. கொப்பியில் இருக்கிறதுதான்.

*பெரியப்பா மாங்குளம்:* பிழை அங்கேதான். 6.10 புதிய நேரம். நான் அதைப் பழைய நேரத்துக்கு மாற்றி 5.40க்குக் கணித்தேன், அந்த நேரம் கிழக்கில் உதிக்கிற ராசி, அதாவது லக்கினம், துலாம். மாற்றாமல் போட்டால் விருச்சிகத்துக்குப் போய்விடும். ஐப்பசி கடைசி, விடியற்காலை, லக்கினம் இரண்டு ராசியின் சந்தியில் நிற்கிறது. துலாத்துக்கு மூன்றாம் வீட்டில் இருக்கிற செவ்வாய் விருச்சிகத்துக்கு இரண்டாம் வீட்டில் வரும். இரண்டில் வந்தால் குற்றம்தான்.

*கவி:* மாமா, புதிய நேரம் பழைய நேரம் என்றால் என்ன?

*நான்:* நீ பிறந்த 1999இல் இந்த நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. 1996இல் கரண்டை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, சில மாதத்தில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. விடுதலைப் புலிகள் இயக்கம் அதை ஏற்கவில்லை. அவர்கள் கையில் இருந்த வன்னிக்குள் பழைய நேரம்தான். 2006 ஏப்ரலில் அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது.

*கவி:* அப்போ நான் எந்த நேரத்தில் பிறந்தேன்?

*ரதி மாமி:* வன்னிக்குள், மல்லாவி ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரி தந்த பிறப்புத் துண்டு கடைசிச் சண்டையில் மாத்தளனில் பையோடு போய்விட்டது. கொப்பி அடையாள அட்டையோடு பொலித்தீன் பைக்குள் இருந்தபடியால் தப்பியது. 6.10 என்று அம்மா சொல்ல நான் எழுதினது. எந்த மணிக்கூட்டைப் பார்த்தார் என்று இப்போ யாரைக் கேட்பது.

*பெரியப்பா மாங்குளம்:* அரசாங்க ஆஸ்பத்திரி என்றபடியால் புதிய நேரம் என்று எடுத்தேன்.

*குகன் அண்ணை கனடா:* அப்பா, ஊகத்தில் எழுதிய குறிப்பு ஒன்று, ஊகத்தில் திருப்பி அனுப்பிய குறிப்பு ஒன்று. இதற்குத்தான் சோதனை வைக்கச் சொல்கிறார்கள். 1985இல் ஷான் கார்ல்சன் என்பவர் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். சோதிடர்களிடம் ஒருவரின் குறிப்பையும் மூன்று பேரின் குண விபரத்தையும் கொடுத்து, எது இவருடையது என்று கேட்டார்கள். மூன்றில் ஒன்றுதான் சரிவந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அதுதான் வரும்.

*பெரியப்பா மாங்குளம்:* அது வெள்ளைக்காரனின் சாத்திரம். அவர்களின் ராசிக்கும் எங்கள் ராசிக்கும் 24 பாகை வித்தியாசம்.

*நான்:* குகன் அண்ணை, அந்தச் சோதனையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. குறிப்புக்குரிய ஆட்களிடமே அவர்களின் குண விபரத்தைக் கலந்து கொடுத்தபோது, தங்களுடையதை அவர்களாலேயே தெரிந்தெடுக்க முடியவில்லை. தன்னைத் தனக்கே அடையாளம் தெரியாத தாளை வைத்துச் சோதிடரை மடக்குவது சரியா?

*குகன் அண்ணை கனடா:* நீ விஞ்ஞான வாத்தியா, அப்பாவின் சிஷ்யனா?

*நான்:* 1975இல் 186 விஞ்ஞானிகள் சோதிடத்துக்கு எதிராக அறிக்கை விட்டபோது வானியலாளர் கார்ல் சேகன் கையெழுத்து வைக்கவில்லை. அவர் சோதிடத்தை நம்பியவர் இல்லை. அறிக்கை அதிகாரத் தொனியில் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

*பெரியப்பா மாங்குளம்:* அப்படிச் சொல்லு தம்பி.

*நான்:* பொறுங்கள் பெரியப்பா, உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. புனேயில் வானியலாளர் ஜயந்த் நார்லிக்கரின் குழு 200 குறிப்பு சேர்த்தது. 100 படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுடையது, 100 மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையது. 27 சோதிடர்களுக்கு ஆளுக்கு 40 குறிப்பு. எது எந்தப் பிள்ளை என்று சொன்னால் போதும். எல்லாம் எங்கள் முறைக் குறிப்புத்தான். சராசரியாக 46 வீதம் சரி. காசு சுண்டினால் 50.

*பெரியப்பா மாங்குளம்:* தாய் தகப்பன் சொன்ன நேரம் சரியென்று யார் கண்டது?

*நான்:* கலியாணத்துக்கும் தாய் தகப்பன் சொல்கிற நேரத்தைத்தானே வாங்கி எழுதுகிறீர்கள்? நேரம் பிழை என்றால் குறிப்பைக் கையில் வாங்க முதல் சொல்ல வேண்டும். பெறுபேறு வந்தபிறகு வினாத்தாளைக் குறை சொல்கிற பிள்ளைகளை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.

_பெரியப்பாவிடமிருந்து கால் மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை._

*ரதி மாமி:* ஒன்று சொல்லவா? தருமபுரத்தில் ஒரு சாத்திரியார் விருச்சிகம் என்றுதான் கவியின் பலன் சொன்னவர். பிடிவாதம், மனதுக்குள் வைத்திருந்து ஒருநாள் கொட்டும் என்றார். அச்சொட்டு. அண்ணை துலாம் என்று சொன்னதும் சரிதான். எல்லாரையும் சமாளித்துப் போகும், வடிவாக உடுக்கும் என்றவர்.

*கவி:* இரண்டும் நானா அம்மா?

*குகன் அண்ணை கனடா:* 😂

*பெரியப்பா மாங்குளம்:* குணப்பலன் எவனுக்கும் பொருந்தும். அதை நானே ஒத்துக்கொள்கிறேன். சம்பவத்தைக் கேளுங்கள். வெளிநாடு போன குறிப்பா, ஊரில் நின்ற குறிப்பா என்று நான் சொல்லுவேன்.

*நான்:* அப்போ செய்து பார்ப்போமா? 10 குறிப்பு. எல்லாரும் 1996க்கு முன்னம் பிறந்தவர்கள், பழைய நேரம் புதிய நேரம் என்ற கதையே இல்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை. எத்தனை பேர் வெளியே, எத்தனை பேர் இங்கே என்றும் சொல்ல மாட்டோம்.

*பெரியப்பா மாங்குளம்:* சரி. 7 சரிவந்தால் வெற்றி.

*நான்:* 7 போதாது. சும்மா காசு சுண்டினாலும் 7 அல்லது அதற்கு மேல் வர 17 வீதம் வாய்ப்பு. ஆறு பேர் சுண்டினால் ஒருவருக்கு வந்துவிடும். 9 என்றால் நூற்றுக்கு ஒரு தடவைதான்.

*பெரியப்பா மாங்குளம்:* 9 கேட்கிறாயா? மழை எப்போ வரும் என்று சொல்கிறவனே பத்துக்கு ஒன்பது சொல்ல மாட்டான்.

*குகன் அண்ணை கனடா:* அப்பா, மழை சொல்கிறவன் யாருடைய கலியாணத்தையும் நிற்பாட்டுவதில்லை.

*பெரியப்பா மாங்குளம்:* சரி, குறிப்பைக் கூட்டு. 30 குறிப்பு தா, 21 சரியாகச் சொல்கிறேன்.

*நான்:* அது நியாயமான பேச்சு. சுண்டி 30இல் 21 எடுப்பது நூற்றுக்கு இரண்டு தடவை வரும். நீங்கள் கேட்ட அதே பத்துக்கு ஏழுதான், ஆனால் குறிப்பு கூடக் கூட அது கடினம். ஒத்துக்கொண்டோம்.

*கவி:* ஒரு நிமிடம். மாப்பிள்ளை 1997இல் பிறந்தவர். அவருடைய நேரம் பழையதா புதியதா என்று யாராவது கேட்டீர்களா?

*ரதி மாமி:* அவர்கள் வவுனியா ரவுண் ஆட்கள், அரசாங்கப் பக்கம். புதிய நேரமாகத்தான் இருக்கும்.

*கவி:* அவர்களின் சாத்திரியார் அதை மாற்றினாரா, என்னுடையதைப் போல அப்படியே போட்டாரா?

*பெரியப்பா மாங்குளம்:* நல்ல கேள்வி பிள்ளை. நாளைக்குப் போன் எடுக்கிறேன்.

*ரதி மாமி:* 30 குறிப்பு நான் தருகிறேன். இவரின் பக்கத்து ஆட்களுடையது கட்டாக இருக்கிறது, அண்ணைக்குத் தெரியாதவர்கள். பெயரை மறைத்துப் படம் எடுத்து இலக்கம் போட்டு அனுப்புகிறேன். விடை என்னிடம் இருக்கட்டும்.

*நான்:* மாமி, யாருக்கும் சொல்லக்கூடாது. எனக்கும் சொல்லாதீர்கள்.

*ரதி மாமி:* நான் ஏன் சொல்லப்போகிறேன்.

_மறுநாள்_

*ரதி மாமி:* 📷 30 படங்கள்

*ரதி மாமி:* _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

*குகன் அண்ணை கனடா:* மாமி!!

*ரதி மாமி:* வாய் தவறிவிட்டது. அந்தப் பிள்ளையின் குறிப்பைக் கண்டதும் கவலையில் எழுதிப்போட்டேன். உடனே அழித்துவிட்டேன், ஒருவரும் பார்க்கவில்லைத்தானே?

*நான்:* நான் பார்க்கவில்லை.

*பெரியப்பா மாங்குளம்:* நான் பார்த்துவிட்டேன். பெடியன் சுவிசில். 4ஆம் இலக்கத்தைக் கழித்துவிட்டு வேறொன்று போடு ரதி.