சிவனொளிபாதமலை: போன வருடம் இரத்தினபுரிப் பாதையில் பாதியில் திரும்பினோம், இந்த முறை அம்மாவோடு எந்தப் பக்கத்தால் ஏறுவது?

வன்னிக்காற்று:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் சொன்னால்தான் எங்கே பிழைத்தது என்று யாராவது பார்த்துச் சொல்லலாம்.

போன வருடம் மாசி மாதம் நானும் மச்சானும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் இரத்தினபுரிப் பக்கம், பலாபத்தலையிலிருந்து ஏறினோம். அதுதான் பழைய பாதை, அதால் ஏறினால்தான் ஏறிய மாதிரி என்று மச்சான் ஒரே பிடி. போனில் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் காட்டியது. ஊரில் அந்தத் தூரத்தை மூன்று மணித்தியாலத்தில் நடப்போம், மலை என்றபடியால் இரண்டு மடங்கு வைத்தாலும் ஆறு, ஆகவே பின்னேரம் ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் நள்ளிரவுக்கு உச்சியில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டோம். ஒன்பது மணிபோல மழை பிடித்தது. நாலு பேருக்கு இரண்டு டோர்ச், அதில் ஒன்று நனைந்து நின்றுவிட்டது. சப்பாத்துக்குள் அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறோம், வெளிச்சத்தில் பார்த்தபோது காலுறை முழுக்க இரத்தம். பதினொரு மணிக்கு என் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டது, அடுத்த கல்லில் காலைத் தூக்கி வைக்க ஏலவில்லை. அங்கிருந்த ஒரு கடையில் விடியும்வரை குந்தியிருந்துவிட்டு இறங்கினோம். இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் குத்தியது, கடைசி ஒரு மணித்தியாலம் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினேன்.

இப்போது அம்மா போக வேண்டும் என்கிறார். அப்பா இருக்கும்போது கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னவர், அது நடக்கவில்லை. அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் இருக்கிறது, குளிசையில் கட்டுப்பாடாக இருக்கிறது, இடது முழங்கால் படி ஏறினால் நோகும். நாங்கள் வவுனியாவிலிருந்து வான் பிடித்து வருவோம். ஹட்டனால் போகிற நல்லதண்ணிப் பக்கம்தான் சுகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அங்கே ஐயாயிரத்துக்கு மேல் படி என்றும் சொல்கிறார்கள். முழங்கால் நோகிறவருக்குப் படி நல்லதா, இல்லை குருவிட்டையால் வருகிற எரத்னப் பக்கத்து மண் பாதை நல்லதா? எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்? போன முறை நாங்கள் செய்த பிழை என்ன?

மஸ்கெலியாக்காரன்:

தம்பி, முதலில் அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்க. மலையில் கிலோமீற்றரைப் பார்க்கக் கூடாது, எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்று பார்க்க வேண்டும். உச்சி 2243 மீற்றர். நல்லதண்ணி ஏற்கனவே தேயிலை மலைக்குள் உயரத்தில் இருக்கிற ஊர், அங்கிருந்து ஏற வேண்டியது ஏறத்தாழ 1000 மீற்றர். பலாபத்தலை அடிவாரம் அதைவிட எவ்வளவோ கீழே. அந்தப் பக்கத்தால் வந்தால் நல்லதண்ணி ஏற்றத்தோடு அதில் அரைவாசிக்கும் மேல் இன்னொரு ஏற்றம் சேர்கிறது. நீங்க நாலு பேரும் ஒன்றரை மலை ஏறப் பார்த்திருக்கிறீங்க, அதுவும் மழையில், இராத்திரியில். தொடை பிடித்ததில் ஆச்சரியமே இல்லை.

எரத்னப் பாதையை அம்மாவுக்கு நினைக்கவே வேண்டாம். நல்ல காடு, நல்ல தண்ணீர், எனக்கு மிகவும் பிடித்த பாதை. ஆனால் நீளம், வேர்களும் வழுக்குக் கல்லும் நிறைய, நடுவில் ஏலாமல் போனால் முன்னுக்கும் போக முடியாது பின்னுக்கும் வர முடியாது.

நல்லதண்ணியில் படி அதிகம்தான், ஆனால் தொடக்கத்திலிருந்தே படி இல்லை. மகர தோரணம் தாண்டி, ஜப்பான்காரர்கள் கட்டிய வெள்ளைத் தாதுகோபம் தாண்டி, சீத்தகங்குல ஆற்றடி வரை ஓரளவு சாய்வாகத்தான் போகும். அந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்க. அம்மாவின் முழங்கால் அதுவரைக்குமே நொந்தால் அங்கேயே முடிவு எடுக்கலாம், திரும்புவது சுலபம். அதற்குப் பிறகுதான் படி செங்குத்தாகும், கடைசிப் பகுதி ஏணி மாதிரி நிற்கும். ஆனால் கைப்பிடிக் கம்பி இருக்கிறது, சீசனில் கொஞ்ச தூரத்துக்கொரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது, இராத்திரி முழுக்க லைட் எரியும். முழங்கால் நோகிறவருக்கு மண்ணா படியா என்பது பெரிய விஷயமில்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

நாள் முக்கியம். போயா என்கிற பௌர்ணமி நாளும் சனி ஞாயிறும் வேண்டவே வேண்டாம். கடைசிப் படிகளில் மணிக்கணக்காக ஒரே படியில் நிற்க வேண்டி வரும், பின்னால் ஆள், முன்னால் ஆள், உட்காரவும் முடியாது. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் பாருங்க.

தேத்தண்ணி:

மஸ்கெலியாக்காரன் சொன்னது எல்லாம் சரி, நேரத்தை மட்டும் நான் சொல்கிறேன். எல்லோரும் சூரிய உதயம் பார்க்க இரவு இரண்டு மணிக்கு ஏறுவார்கள். சுகதேகிகளுக்கு மூன்று, நாலு மணித்தியாலம் போதும். உங்கள் அம்மாவுக்கு ஆறு, ஏழு ஆகும். அதனால் இரவு பத்து மணிக்கே தொடங்குங்கள், மெதுவாக ஏறி விடியற்காலையில் மேலே நிற்கலாம்.

ஒன்று மட்டும் கவனம், உச்சிக்கு முன்கூட்டியே போய்விடாதீர்கள். நான் ஒருமுறை மூன்றரைக்கே ஏறிவிட்டேன். வியர்வையில் நனைந்த சேர்ட்டோடு அந்தக் காற்றில் மூன்று மணித்தியாலம் நின்றதில் பல் கிட்டிப்போனது. கடைசிக் கடையில் இருந்து சேர்ட்டை மாற்றிவிட்டு, வெளுக்கத் தொடங்கும்போது ஏறுங்கள்.

காட்டுப்பாதை:

உங்கள் மச்சானுக்காக ஒரு விஷயம். 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, ஆதம் மலை என்றும் சொல்கிற இந்த மலைக்கு வந்தபோதே இரண்டு பாதை இருந்ததாக எழுதியிருக்கிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை, அதாவது ஆதமும் ஏவாளும். மாமா பாதை சுலபம், ஆனால் அதால் ஏறினவரை யாத்திரை செய்தவராகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். பாபா பாதை கடினம், பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்தனவாம். அதே ஆள் இன்னொன்றும் சொல்கிறார்: கடினமான பாதையால் ஏறினவர்களும் இறங்கி வந்தது மாமா பாதையால்தான். நீங்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டீர்கள்.

மச்சானுக்கு ஆசை என்றால் அவரும் கூட்டாளிகளும் பலாபத்தலையால் ஏறி நல்லதண்ணிக்கு இறங்கட்டும். வான் மட்டும் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று மலையைச் சுற்றி ஹட்டனுக்கு வர வேண்டும், அரை நாள் போய்விடும். அதனால் அவர்களைப் பஸ்ஸில் இரத்தினபுரிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் அம்மாவோடு வானில் நேரே நல்லதண்ணிக்குப் போவதுதான் புத்தி.

அப்புறம் உங்கள் முழங்கால். ஏறும்போது தொடை தூக்குகிறது, இறங்கும்போது அதே தொடை பிரேக் பிடிக்கிறது. ஏற்றத்தில் களைத்த தொடைக்குப் பிரேக் பிடிக்கத் தெம்பிருக்காது, பாரம் முழுக்க மூட்டில் விழும். இப்போதிருந்தே வாரத்தில் மூன்று, நாலு நாள் மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதை இல்லை, இறங்குவதைச் சொல்கிறேன், மெதுவாக, கீழ்ப்படியில் கால் சத்தமில்லாமல் படும்படி. அம்மா ஒரு வைத்தியரிடம் முழங்காலைக் காட்டிவிட்டுத் தொடங்கட்டும்.

கோவைத் தடி:

நான் இந்தியாவிலிருந்து, இரண்டு வருடத்துக்கு முன் இந்த மலை ஏறியிருக்கிறேன். எங்கள் பக்கம் வெள்ளியங்கிரியில் பூண்டி அடிவாரத்திலேயே மூங்கில் தடி வாங்கிக்கொண்டுதான் ஏழு மலையும் ஏறுவோம். ஏறும்போது அது சும்மா துணைதான், இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பாரத்தை அதில் போட்டுவிட்டு, பிறகு நோகும் காலை இறக்கி, கடைசியாக நல்ல காலை இறக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில். அம்மாவுக்கு வீட்டு வாசல்படியிலேயே சொல்லிப் பழக்கிவிடுங்கள், மலையில் போய்ச் சொன்னால் மறந்துவிடும்.

வன்னிக்காற்று:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மச்சானிடம் இப்னு பதூதா கதையைச் சொன்னேன், சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு யோசனை. அம்மா இரவு பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினால் நித்திரை இல்லாமல் குளிசையும் சாப்பாடும் குழம்பிவிடும். உதயம் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவேயில்லை, ஏறிக் கும்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறார். பகலில் ஏற முடியாதா?

மஸ்கெலியாக்காரன்:

தாராளமாக ஏறலாம் தம்பி, இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். உதயம் உதயம் என்று சொல்லிச் சொல்லி, பகலில் மலை பூட்டி இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. முதல் நாள் இரவு நல்லதண்ணியில் தங்கி நன்றாகத் தூங்குங்க. ஐந்து மணிக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு நடங்க. உதயம் பார்த்த கூட்டம் ஏழு, எட்டு மணிக்கு உங்களைத் தாண்டி இறங்கிப் போகும், அப்போது மட்டும் ஓரமாக நின்றுகொள்ளுங்க, அதற்குப் பிறகு பாதை உங்களுக்குத்தான். மத்தியானத்துக்கு மேல் முகில் மூடும், ஆகவே பதினொன்று, பன்னிரண்டுக்குள் உச்சி, இருட்டுக்குள் கீழே. பன்னிரண்டுக்கு எங்கே நிற்கிறீங்களோ அங்கேயே திரும்ப வேண்டும், மேலே இன்னும் நூறு படிதான் என்று யார் சொன்னாலும்.

தேத்தண்ணி:

இது என் யோசனையைவிட நல்லது. பத்து மணிக் கதையை விட்டுவிடுங்கள்.

சீனி வருத்தம் என்றபடியால் ஒன்று சொல்ல வேண்டும். உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், காலையில் அந்தச் சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். தடித்த காலுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். என் பெரியம்மாவுக்கும் சீனி, குதிக்காலில் கொப்புளம் வந்து உடைந்தது அவருக்குத் தெரியவேயில்லை, வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினபோதுதான் பார்த்தோம். அதனால் ஒவ்வொரு ஓய்விலும் நீங்களே அம்மாவின் காலுறையைக் கழற்றிக் காலைப் பாருங்கள். குளிசை நேரத்தை வைத்தியரிடம் கேளுங்கள், பொக்கெட்டில் இனிப்பு வைத்திருங்கள்.

வன்னிக்காற்று:

போய் வந்துவிட்டோம்! போன செவ்வாய்க்கிழமை. உடனே எழுத நினைத்தேன், இரண்டு நாள் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொடங்கினோம், உச்சிக்கு வர 11.20. சீத்தகங்குல வரை அம்மாதான் முன்னால். அதற்குப் பிறகு இருபது படி, நின்று மூச்சு, இன்னும் இருபது படி என்று ஒரு தாளம் பிடித்துக்கொண்டார். கம்பியில் பனி நனைந்து கை வழுக்கியது, அதனால் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தார். கம்பியோரமாக யாத்திரீகர்கள் இழுத்துக்கொண்டு போன வெள்ளை நூல் நீளத்துக்கும் கிடந்தது, அது அறுந்துவிடக் கூடாது என்று விலகி விலகிக் காலை வைத்தார். ஒரு கடையில் இஞ்சித் தேத்தண்ணியைச் சீனியில்லாமல் கேட்டோம், கடைக்காரப் பெண் தமிழ்ப்பிள்ளை, பக்கத்துத் தோட்டம்தான், அம்மாவின் காலைத் தூக்கிப் பலகையில் வைக்கச் சொல்லிக் கதைத்துக்கொண்டிருந்தா.

மேலே எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை தரம் மணி அடிப்பார்கள், அடிக்கப் போனபோது அது அம்மாவுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற ஒரு சிங்கள ஆச்சி, எத்தனையாவது முறை என்று விரலைக் காட்டிக் கேட்டா. அம்மா ஒரு விரல் காட்டினார். ஒரு தரம் அடித்தார். நானும் ஒரு தரம்தான், போன வருடம் கணக்கில் வராது. மச்சான் ஆட்கள் பலாபத்தலையால் ஏறி விடியவே வந்து எங்களுக்காக மேலே காத்திருந்தார்கள்.

இறக்கம் நாலரை மணித்தியாலம். கோவைத் தடி அண்ணாவுக்குத் தனியாக நன்றி, நோகும் கால் முதலில் என்று அம்மா ஒவ்வொரு படிக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினார். நடுவில் இரண்டு தரம் காலைப் பார்த்தேன், சின்னவிரலில் சிவந்திருந்தது, பஞ்சு வைத்து ஒட்டினேன், கொப்புளம் வரவில்லை. என் முழங்கால் கடைசியில் கொஞ்சம் முறுகியது, குத்தவில்லை. ஆறு வாரம் மாடிப்படி இறங்கினது வீண்போகவில்லை.

இதே பாதையில் வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு: கடைசிப் பகுதியில் ஏறுகிறவருக்குப் பின்னால் ஒருவர் கட்டாயம் வர வேண்டும், முன்னால் நின்று கையைப் பிடித்து இழுப்பது உதவாது, அம்மாவுக்குத் தோள்தான் நொந்தது.

புதியவன்7:

இந்த இழையை முழுக்க வாசித்தேன், மிகப் பிரயோசனம். எனக்கு லீவு ஆவணியில்தான் கிடைக்கும். நல்லதண்ணிப் பக்கத்தால் அப்போது அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

மஸ்கெலியாக்காரன்:

வேண்டாம். சீசன் மார்கழிப் போயாவிலிருந்து வைகாசிப் பௌர்ணமியான வெசாக் வரைதான். ஆவணியில் தென்மேற்குக் காற்றும் மழையும், லைட் இல்லை, கடை இல்லை, விழுந்தால் தூக்க ஆள் இல்லை. நீங்க மட்டும் என்றால் பாதை தெரிந்த ஒருவரோடு பகலில் வந்து பார்க்கலாம். அப்பாவைத் தை, மாசியில் ஒரு வார நாளில் கூட்டி வாங்க.