பிளாக் பண்ணிய பந்து யார் கைக்குப் போனது?

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நான்தான் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆட்டக்காரர். ஆறடி மூன்று அங்குலம் இருந்ததால் முதல் நாளே கூடைக்கு அடியில் நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்கு எல்லாமே அமெரிக்க சென்டர் வில்ட் சேம்பர்லின்தான். 1962 மார்ச் 2, ஹெர்ஷி நகரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள். அந்த சீசன் முழுக்கச் சராசரி 50.4. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஹாஸ்டலில் யாரோடும் வாதாடுவேன். அவருடைய காலத்தில் பாஸ்டன் அணியின் சென்டராக ஆடிய பில் ரஸ்ஸல் பெயரை எடுத்தால், "கூட நல்ல ஆட்கள் இருந்தாங்க, ஜெயிச்சார்" என்று பேச்சை முடித்துவிடுவேன்.

மனம் மாறியது ஒரு போட்டியில். எதிரணிப் பையன் கூடைக்குப் பக்கத்தில் வந்து எம்பிப் பந்தைப் போடும் லே-அப்புக்கு வந்தான். பிளாக் பண்ண, அதாவது எறிந்த பந்தைக் காற்றிலேயே தடுக்க, ஓங்கி அடித்தேன், பந்து கோர்ட்டைத் தாண்டி வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. ஒரே விசில், கைதட்டல். பந்து வெளியே போனதால் மறுபடி அவர்களுக்கே கிடைத்தது. உள்ளே எறிந்தார்கள், அதே பையன் சாவகாசமாகக் கூடையில் போட்டான். டைம்-அவுட்டில் கோச் திட்டவில்லை. "தம்பி, நீ அடிச்ச பந்து யாருக்குப் போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம்தான் ரஸ்ஸலின் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளை உட்கார்ந்து பார்த்தேன். பந்தை அறைந்து வெளியே தள்ளாமல், தன் அணிக்காரர் கைக்குப் போகிற மாதிரி தட்டிவிடுகிறார். அவர் கால் தரையைத் தொடுவதற்குள் பாஸ்டன் ஆட்கள் எதிர்க் கூடையை நோக்கி ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் மாதக்கணக்கில் முயன்றேன். இதற்கு உயரம் மட்டும் போதாது. யார் எங்கே நிற்கிறார் என்பது காற்றில் இருக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு மூன்று முறைதான் அமைந்தது.

இவர்கள் ஆடிய அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. பிளாக்கைக் கணக்கெடுக்கத் தொடங்கியதே 1973-74 சீசனில். ரஸ்ஸல் 1969இலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். அவர் செய்த மிகப் பெரிய வேலைக்கு ஸ்கோர்ஷீட்டில் இடமே இல்லை! 13 சீசனில் 11 பட்டம், கடைசி இரண்டு பட்டத்தின்போது பயிற்சியாளரும் அவரே. வில்ட் 50.4 எடுத்த அதே சீசனில் சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது ரஸ்ஸலுக்குத்தான் போனது. அன்றைக்கு அந்த விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்களே. எதிரில் நின்று ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வில்ட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. 1967இல் சராசரியை 24 அளவுக்கு இறக்கிக்கொண்டு, பாஸ் கொடுத்து ஆடினார். பாஸ்டன் தொடர்ந்து எட்டு ஆண்டுகள் பட்டம் வென்றதை முறித்தது அந்த வில்ட்தான். எனக்கு அவருடைய 100 புள்ளிகளைவிட அந்த சீசன் பெரியது.

மற்ற சென்டர்களில், கரீம் அப்துல்-ஜப்பாரின் ஸ்கைஹூக்கும் (தலைக்கு மேல் ஒரு கையை வளைத்து எறிவது) 38,387 புள்ளிகளும் எல்லோருக்கும் தெரியும். 2000 இறுதிப் போட்டியில் ஷாக் (ஷகீல் ஓ'நீல்) எடுத்த 38 சராசரியைப் பார்த்தாலே பயமாக இருக்கும். ஆனால் ரஸ்ஸலுக்கு அடுத்து என் மனதில் நிற்பவர் ஹக்கீம் ஒலாஜுவான். நைஜீரியாவின் லாகோஸில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடி வளர்ந்த கால்கள் அவை. 3,830 பிளாக், இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 1994 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஹக்கீமின் ஹூஸ்டன் அணி இரண்டு புள்ளி முன்னிலை, கடைசி நொடி. நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக்கு எறிகிறார். கூடைக்கு அடியில் காத்திருக்க வேண்டிய சென்டர் அவ்வளவு தூரம் ஓடி வந்து, விரல் நுனியால் பந்தைத் தொட்டுவிடுகிறார். 86-84. ஏழாவது ஆட்டத்தையும் ஹூஸ்டனே எடுத்தது. அந்தக் காட்சியில் நான் இப்போதும் அவருடைய கையைவிடக் கால்களைத்தான் பார்ப்பேன்.