கிணற்றுக்கும் செப்டிக் டேங்கிற்கும் 22 அடி: மழைக்காலத்தில் தண்ணீர் நாறுகிறது, என்ன செய்வது?

வடவாறு:
வணக்கம். தஞ்சைப் பக்கம் கிராமம், வண்டல் மண். 4 அடி விட்டமுள்ள உறைக்கிணறு. 22 அடி தள்ளி செப்டிக் டேங்க். அடியில் தளம் போடாமல் உறை மட்டும் இறக்கியது. ஐப்பசி, கார்த்திகையில் தரையிலிருந்து 5 அடியிலேயே தண்ணீர் நிற்கும், அப்போதுதான் நாற்றம். ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போட்டால் இரண்டு நாள் அடங்கி மறுபடி வருகிறது. குடிப்பதற்கு ஆர்.ஓ. மாட்டினால் போதுமா? வீட்டில் 5 பேர், ஒரு கைக்குழந்தையும் உண்டு.

ஊற்றுக்கண்:
முதலில் குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். கழிவு கலந்த கிணற்றில் நைட்ரேட் ஏறும். லிட்டருக்கு 45 மி.கி. தாண்டினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேளுங்கள். ஈ.கோலி (மலத்திலிருந்து வரும் கிருமி), நைட்ரேட், அம்மோனியா, குளோரைடு நான்கும் வேண்டும். 100 மில்லியில் ஒரு ஈ.கோலிகூட இருக்கக்கூடாது. அதற்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள், வீட்டு பாட்டில் ஆகாது. ஐஸ் வைத்து 6 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். பவுடர் போட்ட மறுநாள் மாதிரி எடுத்தால் 'நல்ல தண்ணீர்' என்று பொய்யான முடிவு வரும்.

ஆர்.ஓ. குடிக்கும் குடத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். பல் தேய்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதே கிணற்றுத் தண்ணீரில்தானே?

கலவைச்சட்டி:
தளம் இல்லாத உறைக்குழியை செப்டிக் டேங்க் என்றே சொல்ல முடியாது, அது உறிஞ்சுகுழி. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2470 சொல்வது: கழிவுநீரை மண்ணில் இறக்கும் இடத்திலிருந்து குடிநீர்க் கிணறு குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளி இருக்கவேண்டும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் 6 அடியாவது உலர்ந்த மண் வேண்டும், கிருமியை வடிகட்டுவது அந்த மண்தான். உங்கள் ஊரில் மழைக்காலத்தில் அந்த 6 அடியே கிடையாது. குழி நேராக ஊற்றுக்குள் நிற்கிறது.

பழைய குழிக்குள் ஆள் இறங்கித் தளம் போடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். காலிசெய்த குழியிலும் விஷவாயு தேங்கும், ஒரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். லாரி வைத்து உறிஞ்சி, சுண்ணாம்பு தூவி, மணல் கொட்டி மூடிவிடுங்கள்.

புதுத் தொட்டி 5 பேருக்கு உள்ளளவு 1.5 மீ × 0.75 மீ, நீராழம் 1 மீ, அதற்கு மேல் 30 செ.மீ. காலி இடம். கான்கிரீட் தளம், உள்ளும் புறமும் 1:3 சிமென்ட்-மணல் பூச்சு. கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, சுவர் உறிஞ்ச ஒரு நாள் விட்டு, மட்டத்தைக் கோடு போட்டுப் பாருங்கள். மறுநாள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கசிவு. வேலையைச் சித்திரை, வைகாசியில் வையுங்கள். ஊற்று உயர்ந்திருக்கும்போது காலித் தொட்டியை அடியிலிருந்து தண்ணீர் தூக்கும், தளம் வெடித்துவிடும்.

வடவாறு:
நன்றி ஐயா. மனையின் கோடிவரை போனாலும் கிணற்றிலிருந்து 45 அடிதான் வருகிறது. தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை எங்கே விடுவது?

கல்வாழை:
குழி தோண்டாதீர்கள், தரைக்கு மேலே பாத்தி கட்டுங்கள். ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்று 10 சதுர மீட்டர், 60 செ.மீ. உயரம். அடியிலும் பக்கங்களிலும் தண்ணீர் மண்ணில் இறங்காதபடி 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் கழுவிய ஜல்லி, அதில் கல்வாழை. தண்ணீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் ஒரு முழம் அகலத்துக்குப் பெரிய ஜல்லி போடுங்கள், இல்லையென்றால் வாய் அடைத்துக்கொள்ளும். பாத்தி உயரத்தில் இருப்பதால் தொட்டியையும் மேடாக்கவேண்டும், முடியாவிட்டால் சிறிய பம்ப் வேண்டும். தொட்டியை 2, 3 வருடத்துக்கு ஒருமுறை காலிசெய்யாவிட்டால் சேறு பாத்திக்குள் வந்துவிடும், பிறகு ஜல்லியை முழுக்க அள்ளிக் கழுவுவதைத் தவிர வழியில்லை. வெளிவரும் தண்ணீரில் கிருமி இருக்கும். தென்னை, வாழை வேருக்கு விடலாம், கீரைக்கு வேண்டாம்.

ஊற்றுக்கண்:
பிளீச்சிங் பவுடர் பற்றி விட்டுப்போனது. கைப்பிடிக் கணக்கு வேண்டாம். விட்டம் × விட்டம் × நீராழம் (எல்லாம் அடியில்) × 22 போட்டால் லிட்டர் வரும். 10 அடி தண்ணீர் என்றால் 4 × 4 × 10 × 22 = 3,520 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக 9 கிராம். வாளியில் கரைத்து 10 நிமிடம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றில் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை ஊற்றினால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்தே இறைக்கவேண்டும். அப்போது குளோரின் மிச்சம் லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்கிறதா என்று குளோரின் சோதனை கிட் வைத்துப் பாருங்கள். உங்கள் கிணற்றில் அது நிற்காமல் போகலாம், கழிவிலிருந்து வரும் அம்மோனியா குளோரினைத் தின்றுவிடும். நாற்றம் இரண்டு நாளில் திரும்புவதும், குழியிலிருந்து கழிவு ஓயாமல் வந்துகொண்டே இருப்பதால்தான். பழைய குழியை மூடிய பிறகு கிணற்றை முழுக்க இறைத்துவிட்டு மருந்து போட்டு, ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி ஈ.கோலி பாருங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர்.