வாஷிங் மெஷின் பின்னால் விழுந்த ஆறாவது இலை: ரணகள்ளி வளர்த்தவர்களின் அனுபவங்கள்

தாம்பரம், மூன்றாவது மாடி

இலையில இருந்தே குட்டிச் செடி முளைக்கிற ரணகள்ளியை வீட்டுக்குள்ள வளர்க்கிறவங்க இருந்தா உங்க கதையைச் சொல்லுங்க. முதல்ல என் கதை.

போன ஆடியில ஊருக்குப் போனப்ப சித்தி வீட்டுக் கிணத்தடியில இருந்து ஆறு இலை பறிச்சுட்டு வந்தேன். செடியெல்லாம் பிடுங்காதடி, இலையே போதும்னு சித்தி சொன்னாங்க. எனக்குத்தான் நம்பிக்கை வரல. பள்ளிக்கூடத்துல இதையே பிரையோபில்லம்னு படம் வரைஞ்சு பாகம் குறிச்சு மார்க் வாங்கினதோட சரி, நேர்ல பார்த்ததில்ல. மயிலிறகை நோட்டுக்குள்ள வச்சு அரிசி போட்டு வளர்த்த அனுபவம் வேற மனசுல இருக்கு.

நாலு இலையை முறையா நட்டேன். முறைன்னா என் முறை. நர்சரியில வாங்கின பாட்டிங் மிக்ஸ், அதுக்கு மேல மண்புழு உரம், காம்பை மண்ணுல குத்தி நிறுத்தி, காலையும் சாயங்காலமும் தண்ணி. பத்தாம் நாள் நாலும் பழைய வெண்டைக்காய் மாதிரி கொழகொழன்னு சரிஞ்சிடுச்சு. அஞ்சாவதை டம்ளர் தண்ணியில போட்டேன், நாத்தம் எடுத்துடுச்சு. ஆறாவது எங்க போச்சுன்னே தெரியல.

தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிறதுக்காக பால்கனியில இருக்கிற வாஷிங் மெஷினை நகர்த்தினேன். பின்னால தூசி, ஒத்தை சாக்ஸ், ரெண்டு கிளிப், நடுவுல அந்த இலை. பாதி சுருங்கி ஓரமெல்லாம் ஊதாவா இருக்கு. ஓரத்துல அலை அலையா வெட்டு இருக்கும் பாருங்க, வெட்டுக்கு ஒரு குட்டி. கடுகை உடைச்ச மாதிரி ரெண்டு ரெண்டு இலை, கீழ வெள்ளை நூலா வேர். அந்த வேரெல்லாம் டைல்ஸ் இடுக்கைத் தேடிப் போயிட்டு இருக்கு. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. மூணு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி நான் விடல.

இப்ப இந்த ஒன்பதையும் எப்படிக் காப்பாத்துறது? மறுபடி என் முறையில இறங்கப் பயமா இருக்கு.

கோபிச்செட்டிபாளையம்

தண்ணி விட்டே கொன்னுட்டீங்க, அவ்வளவுதானுங்க. காம்பை நட்டதும் தப்பு. முளை காம்புல இல்லைங்க, ஓரத்து வெட்டுலதான் இருக்குது. குத்தி நட்டு வெச்சா குட்டி எங்க போயி வேர் விடும்?

நான் செய்யறதச் சொல்றேன். அகலமான தட்டு, இல்லீன்னா பழைய சாப்பாட்டு டப்பாவோட மூடி எடுத்துக்கோங்க. அடியில ஓட்டை அவசியம் வேணும். ஆத்து மணலும் தேங்காய் நார்த் தூளும் பாதிக்குப் பாதி. அதை ஈரம் பண்ணிப் பிழிஞ்சு பரப்பிட்டு, இலையப் படுக்கப் போட்டுருங்க. மண்ணு போட்டு மூட வேண்டாம். மேல சின்னக் கல்லு ஒண்ணு பாரம் வெச்சா இலை மண்ணோட ஒட்டிக்கும். வெயில் நேரா படாத, ஆனா வெளிச்சமான இடம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா கையில தண்ணி தெளிச்சாப் போதும். வெயில் காலத்துல எனக்குப் பத்துப் பன்னண்டு நாள்ல வேர் தெரிஞ்சிருக்குது, மார்கழியில மூணு வாரம் கூட ஆச்சு.

குட்டி வந்ததும் அவசரப்பட்டுப் பிய்க்காதீங்க. தாய் இலை சுருங்கச் சுருங்கத்தான் குட்டி தேறும். அது காகிதமாட்ட ஆனப்புறம் தானா உட்டுரும். ரெண்டு விரக்கடை உசரம் வந்தாத் தனித் தொட்டிக்கு மாத்துங்க. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்குன தொழு உரம் அரைப் பங்கு. மேல்மண்ணுல விரல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

எங்கப்பாரு இந்த வம்பே பண்ண மாட்டாருங்க. இலையக் கயித்துல கட்டி விட்டத்துல தொங்க உட்டுருவாரு. அந்தரத்துலயே குட்டி வரும். கட்டிப்போட்டால் குட்டிபோடும்னு சும்மாவா பேரு வெச்சாங்க?

மயிலாடுதுறை, ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்

கோபி நண்பர் சொன்ன பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளத்தில் இதற்கு இலமுளச்சி என்று பெயர். இந்தியின் பத்தர்சட்டாவிலும் வங்காளத்தின் பாத்தோர்குச்சியிலும் கல் இருக்கிறது. சிறுநீரகக் கல்லுக்குக் கொடுக்கிற பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட பெயர்கள். நம்முடையது மட்டும்தான் செய்முறையோடு கூடிய முழு வாக்கியம். ரணகள்ளி என்ற பெயரில் கள்ளி இருந்தாலும் கிள்ளினால் பால் வராது, கள்ளிக் குடும்பமே இல்லை. சொந்த ஊர் மடகாஸ்கர்.

தாம்பரம் சகோதரியின் இலை மூன்று மாதம் தாங்கிய ரகசியத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவருக்குப் பங்கு உண்டு. மொராவியக் கிறித்தவ மிஷனோடு தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராகச் சேர்ந்தவர் பெஞ்சமின் ஹைன். அவர் இந்த இலையை வேளைக்கு வேளை மென்று பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் லேசான கசப்பு. 1813-இல் இதைக் கடிதமாக எழுதினார். 1815-இல் லண்டன் லின்னேயன் அறிவியல் சங்க வெளியீட்டில் அச்சானது. காரணம் விளங்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இந்தச் செடி இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கும். அப்போது உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கிச் சேமித்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டு அதைச் செலவழிக்கும். வெயில் நேரத்தில் துளை மூடியிருப்பதால் தண்ணீர் வீணாவதில்லை. விடியற்காலைப் புளிப்பு அந்தச் சேமிப்பின் ருசி.

இலையை ஏன் வெட்டக் கூடாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் உயிரியலாளர் ஜாக் லோப் இந்த இலைகளை எடைபோட்டு எடைபோட்டுப் பார்த்தார். இலையின் எடைக்கு ஏற்றபடிதான் குட்டிகளின் மொத்த எடை. பாதி இலை என்றால் பாதி விளைச்சல். ஆகவே அடிப்பக்கத்துக் கனமான இலையாகப் பார்த்து எடுங்கள்.

ஜெர்மன் கவிஞர் கோத்தேவுக்கு இதன்மேல் பைத்தியம். இலையை நண்பர்களுக்கு அனுப்பி வைப்பார். அங்கே இன்றும் இதைக் கோத்தே செடி என்றுதான் சொல்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், 'தபால் செலவு மிச்சம் சார், ஒரு இலைக்கு எட்டுச் செடி' என்றான்.

டொராண்டோ

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ஸ்காபரோவில. எனக்கு இந்த இலையைத் தந்தது பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மா. அவை இதை 'லீஃப் ஒஃப் லைஃப்' எண்டு சொல்லுவினம். தடிமன், இருமல் எண்டால் இலையை அவிச்சுக் குடிப்பினமாம். நான் குடிக்கேல்லை, வளர்க்க மட்டும்தான்.

இங்க பிரச்சினை தண்ணியில்லை, வெளிச்சம். நவம்பர் துவங்கினால் அஞ்சரை மணிக்கே இருட்டிப் போகும். முதல் வருஷம் சமையலறை யன்னலில வைச்சனான். செடி வெளிச்சத்தைத் தேடி நெடுநெடு எண்டு வளர்ந்து, ஒரு இரவு தன்ர பாரத்தில தானே முறிஞ்சு விழுந்திட்டுது. முறிஞ்ச தண்டை எறியாமல் மூண்டு நாள் காயவிட்டு மணலில குத்தினன், அதுவும் வேர் விட்டுது. இப்ப தெற்குப் பக்க யன்னல், மேல ஒரு எல்.ஈ.டி. லைட், நுனியைக் கிள்ளிக் கிள்ளி விடுறன். குளிர்காலத்தில மூண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் தண்ணி. ஹீற்றர் காத்துக்கு இலைக்கணுவில வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி வரும். காது குடையிற பஞ்சுக் குச்சியில ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொண்டாய்த் துடைக்கிறதுதான் வழி.

நாலாம் வருஷம் பெப்ரவரியில பூத்தது. வெளியில முழங்காலளவு ஸ்நோ, உள்ளுக்கு பச்சையும் சிவப்புமாய் குட்டிக் குட்டி வெளிச்சக்கூடு தொங்குது. மகள் அதை விரலால அமத்தி 'டப்' எண்டு வெடிக்க வைச்சுக்கொண்டே இருந்தவள். முழுக்க வெடிச்சு முடிச்சிட்டாள்.

லாகோஸ், நைஜீரியா

வேலைக்காக இங்க வந்து ஆறு வருஷம். எங்க காம்பவுண்டுல சுவர் ஓரம் பூரா இதுதான். இங்க பேசுற யொரூபா மொழியில இதுக்கு அபமோடான்னு பேரு. என்கூட வேலை பார்க்கிறவர் வீட்டுல குழந்தை பிறந்தப்ப, அவங்க அம்மா இந்த இலையை அனல்ல வாட்டிச் சாறு பிழிஞ்சு தொப்புள்ல விட்டதைப் பார்த்தேன். எங்க பாட்டி கற்பூரவள்ளியை வாட்டுற அதே கை. சரியா தப்பான்னு சொல்ல நான் டாக்டர் இல்ல, பார்த்ததைச் சொல்றேன்.

திருச்சி

எல்லாரும் சந்தோஷமா எழுதுறீங்க. நான் கொஞ்சம் பயமுறுத்திட்டுப் போறேன், மன்னிச்சுக்கோங்க.

எங்க மாமனாருக்கு கிட்னியில 5 மி.மீ. கல்லுன்னு ஸ்கேன்ல வந்துச்சு. வாட்ஸ்அப்புல யாரோ அனுப்பினதைப் பார்த்துட்டு, 'ரணகள்ளி வாங்கிட்டு வாம்மா'ன்னார். நானே நர்சரியில ரணகள்ளின்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். தினம் வெறும் வயித்துல ரெண்டு இலை. அஞ்சாம் நாள் காலையில வாந்தி, தலை சுத்தல், கண்ணு மங்கலா இருக்குன்னார். நாடி நிமிஷத்துக்கு 46தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டியூட்டி டாக்டர் சின்னப் பொண்ணுதான், மாத்திரைச் சீட்டைப் பார்த்துட்டு, 'புதுசா ஏதாவது நாட்டு மருந்து எடுத்தாரா'ன்னு ஒரே கேள்வி கேட்டாங்க. மாமனார் ஏற்கெனவே இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுறவர். இந்தச் செடிகள்ல பூஃபாடையினொலைடுன்னு ஒண்ணு இருக்காம், அது இதயத்துல டிகாக்சின் செய்ற வேலையைத்தான் செய்யும். ரெண்டும் சேர்ந்தா மாத்திரையைக் கூட்டிப் போட்ட மாதிரி. ரெண்டு நாள் மானிட்டர்ல வச்சிருந்து அனுப்பினாங்க.

அதுக்கப்புறம்தான் செடியை உத்துப் பார்த்தேன். அது ரணகள்ளியே இல்ல. ரணகள்ளி இலை தடிமனா, அகலமா, ஓரம் அலை வெட்டா இருக்கும். செடி வளர வளர மேல் இலை மூணா அஞ்சாப் பிரியும். பறிச்சுப் போட்டாத்தான் பெரும்பாலும் குட்டி வரும். நான் வாங்கினது ஒடுக்கமா, ஓடம் மாதிரி மடங்கின இலை, அடியில ஊதாக் கோடு. செடியில இருக்கும்போதே ஓரம் முழுக்க குட்டி வரிசை கட்டி நிக்குது, கை பட்டா உதிருது. ரணகள்ளியோட ஒன்றுவிட்ட சகோதரி, ஆயிரம் குட்டித் தாய்னு சொல்ற செடி. ரெண்டும் மடகாஸ்கர்தான், ஆனா இதுல விஷம் அதிகம். நிஜ ரணகள்ளியிலயும் அந்தப் பொருள் இருக்கு. பூவுல இன்னும் கூடுதல். ஆஸ்திரேலியாவுல இந்த இனச் செடிகளை மேய்ஞ்சு மாடுகளே செத்திருக்கு. நாய், பூனை இருக்கிற வீட்டுல எட்டாத உயரத்துல வைங்க. இதய மாத்திரை சாப்பிடுறவங்க இருந்தா அலமாரிக்கு மேல செடி இருக்கட்டும், அடுப்படிப் பக்கம் வேண்டாம்.

அந்தச் செடியை அன்னைக்கே பிடுங்கிட்டேன். உதிர்ந்த குட்டிங்க இன்னும் துளசித் தொட்டியில, ரோஜாத் தொட்டியில, மாடிப் படி இடுக்குல முளைச்சிட்டே இருக்கு. மாமனார் தினம் காலையில கண்ணாடியைப் போட்டுட்டு, பழைய இடுக்கியால ஒவ்வொண்ணாப் பிடுங்குறார். கல்லு தண்ணி குடிச்சே வெளிய வந்துடுச்சு.

தாம்பரம், மூன்றாவது மாடி

திருச்சி அக்கா, படிச்சதும் ஓடிப் போய் இலையைத் திருப்பிப் பார்த்தேன். கோடு இல்ல. அகலம்தான், அலை வெட்டுதான். உயிர் வந்துச்சு.

கோபி அண்ணா சொன்ன மாதிரி பிரியாணி டப்பா மூடியில ஓட்டை போட்டு, மணல் பரப்பி, இலையை அப்படியே தூக்கி வச்சேன். டைல்ஸ்ல ஒட்டியிருந்த வேர் ரெண்டு பிஞ்சதுல ரெண்டு குட்டி போயிடுச்சு, ஏழு நிக்குது. தண்ணிக் குவளையை வீட்டுக்காரர்கிட்டக் கொடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டேன்.

சார் சொன்ன புளிப்பைச் சோதிக்கணும்னு, போன வாரம் சித்தி கொடுத்தனுப்பின புது இலையில நகக்கண் அளவு கிள்ளி நாக்குல வச்சேன், உடனே துப்பிட்டேன். காலை ஆறு மணிக்குப் புளிச்சக்கீரை தோத்துது. பன்னண்டரைக்கு வெறும் புல். சாயங்காலக் கசப்பைப் பார்க்கலாம்னு போனா இலையைக் காணோம். நாலாவது படிக்கிற என் பையன் அதைச் சயின்ஸ் நோட்டுக்குள்ள வச்சு, மேல ரெண்டு அரிசியும் போட்டு வச்சிருக்கான்.