துணைநூற்பட்டியலில் ‘பிள்ளை, சி. வை. தாமோதரம்’ என்று வருகிறது – எப்படிச் சரிசெய்வது?

ஆய்வுமாணவி:
வணக்கம். பழந்தமிழ் நூல்களின் பதிப்பு வரலாறு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். நூல் விவரங்களை இணையப் பட்டியல்களிலிருந்து மேற்கோள் மென்பொருளில் இறக்கினேன். பதிப்பாசிரியர்கள் தாமோதரம் பிள்ளை, வையாபுரிப் பிள்ளை இருவருமே ‘பிள்ளை’ என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வாக்கியத்துக்குள்ளும் வெறும் ‘(பிள்ளை, 1885)’ என்றுதான் வருகிறது. வேர்டில் கையால் திருத்தினாலும், பட்டியலைப் புதுப்பித்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. உதவுங்கள்.

நூலகன்:
வேர்டில் திருத்தினால் நிற்காது. மென்பொருளில் அந்த நூலின் பதிவைத் திறந்து திருத்துங்கள். ஆசிரியர் பெயருக்கு இரண்டு பெட்டிகள் இருக்கும். கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு முதல் பெட்டியில் ‘பிள்ளை’ விழுந்திருக்கும். அங்கே ‘தாமோதரம் பிள்ளை’ என்று முழுதாகப் போட்டு, மற்றதில் ‘சி. வை.’ மட்டும் வையுங்கள். பட்டியலில் தகர வரிசைக்கு வந்துவிடுவார். உ. வே. சா. பெயரையும் பாருங்கள், ஆங்கிலப் பட்டியலிலிருந்து இறக்கியிருந்தால் ‘ஐயர்’ என்று நிற்கும். அவருக்கு ‘சாமிநாதையர்’, ‘உ. வே.’. நிறுவனங்களின் பெயருக்கு மட்டும் ஒரே பெட்டி போதும்.

ஆய்வுமாணவி:
சரியாகிவிட்டது, மிக்க நன்றி ஐயா! இன்னொரு சந்தேகம். தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்புரையிலிருந்து (1887) ஒரு பத்தி எடுத்திருக்கிறேன். நான் படித்தது அண்மையில் வந்த ஒரு கட்டுரையில்தான். அடிக்குறிப்பில் 1887 பதிப்பையே கொடுக்கலாமா?

சுவடி:
வேண்டாம் அம்மா. அந்தக் கட்டுரையாளர் ஒரு வரியை விட்டிருந்தாலும் அந்தப் பிழை உங்கள் பெயரில் ஏறிவிடும். பதிப்பு வரலாறு எழுதுகிறவர் மூலத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். முதலில் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் தேடுங்கள். தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், ஆகவே ஈழத்து நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்தையும் விட்டுவிடாதீர்கள். எங்கும் கிடைக்காவிட்டால் ‘தாமோதரம் பிள்ளை, 1887, மேற்கோள்:’ என்று எழுதி, கட்டுரையாளர் பெயர், ஆண்டு, பக்கம் கொடுங்கள். பட்டியலில் நீங்கள் படித்த கட்டுரை மட்டும் வரட்டும்.

அப்புறம், உ. வே. சா.வின் புறநானூற்றுப் பதிப்புக்கு 1894 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் அதன் ஆண்டும் வேண்டும். நீங்கள் தரும் பக்க எண் அதற்குத்தானே பொருந்தும்? பாட்டு என்றால் பாட்டெண்ணும் அடியும் கொடுங்கள்: ‘புறம். 192:1’. எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் ‘யாதும் ஊரே’ அடியை உடனே எடுத்துவிடுவார்.

ஆய்வுமாணவி:
இன்றே தேடுகிறேன் ஐயா. பக்கத்துக்கு ‘ப.’ போடுவதா, ‘பக்.’ போடுவதா?

சுவடி:
ஒரு பக்கம் என்றால் ப., பல பக்கம் என்றால் பக். உங்கள் பல்கலைக்கழக விதிமுறை வேறு சொன்னால் அதன்படியே போங்கள்.